எபெத்மெலேக் எடுத்துச் சென்ற பழந்துணி

வேதபகுதி: எரேமியா 38:1-13



ஆண்டுதோறும் டிசம்பர் மாதம் பிறந்ததும் நம் ஆஸ்பத்திரி வாசலில் துணி மூட்டைகள் வந்து இறங்கத் தொடங்கும். பண்டிகைக்குப் புதுத்துணி எடுத்த வீடுகளில் பீரோவில் இடம் வேண்டியிருக்கிறது. வெள்ளையடிக்கும்போது பரணிலிருந்த பாத்திரங்களும் பாய்களும் கீழே இறங்குகின்றன. அவற்றைத் தெருவில் எறிந்துவிடாமல், ஏழை நோயாளிகளுக்கு உதவட்டும் என்று நீங்கள் நமக்கு அனுப்புகிறீர்கள். அந்த மனதுக்காக முதலாவது கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறோம். உங்கள் மூட்டைகளிலிருந்து வந்த கைலியும் போர்வையும் எத்தனையோ பேருடைய வெட்கத்தையும் குளிரையும் மூடியிருக்கின்றன.

சபைகளுக்கு நாங்கள் வரும்போது ஒரு கேள்வியை அடிக்கடி கேட்கிறோம். "நமக்கு வேண்டாததைக் கொடுப்பது தர்மமாகுமா?" என்பதே அது. பழையதைக் கொடுப்பது பாவம், கொடுத்தால் புதிதாகத்தான் கொடுக்க வேண்டும் என்று சிலர் சொல்லுகிறார்கள். இல்லாதவனுக்கு எதுவானாலும் நல்லதுதானே என்று வேறு சிலர் சொல்லுகிறார்கள். இரண்டு பேரும் நல்ல எண்ணத்தோடுதான் பேசுகிறார்கள். வேதம் இதைக்குறித்து என்ன காட்டுகிறது என்று இந்த மாதப் பாடத்தில் பார்ப்போம்.

வேதாகமத்தில் பழந்துணியைக் கொண்டே ஓர் உயிரைக் காப்பாற்றிய மனிதன் ஒருவன் உண்டு. அவன் பெயர் எபெத்மெலேக்.

துரவும் கயிறும்

பாபிலோனின் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருந்த காலம் அது. நகரத்தில் அப்பம் தீர்ந்துகொண்டிருந்தது. எரேமியா சொன்ன தேவவார்த்தை பிரபுக்களுக்குப் பிடிக்கவில்லை. அவனைப் பிடித்துக் கயிறுகளால் ஒரு துரவுக்குள் இறக்கிவிட்டார்கள். அதில் தண்ணீர் இல்லை, உளைதான் இருந்தது. எரேமியா அந்த உளையில் அமிழ்ந்தான். அவன் பட்டினியால் அங்கேயே சாகட்டும் என்பது அவர்களுடைய எண்ணம். சிதேக்கியா ராஜாவோ, பிரபுக்களுக்கு எதிர்த்து நிற்கத் தைரியமில்லாதவனாயிருந்தான்.

அப்போது அரண்மனையிலிருந்த எத்தியோப்பியனாகிய எபெத்மெலேக் இதைக் கேள்விப்பட்டு, நேரே ராஜாவிடம் போய்ப் பேசினான். ராஜா அவனுக்கு 30 பேரைக் கொடுத்து அனுப்பினான். எபெத்மெலேக் நேராகத் துரவுக்குப் போகவில்லை. அரண்மனையின் பொக்கிஷ அறைக்குக் கீழே இருந்த இடத்துக்குப் போய், அங்கே கிடந்த பழைய துணிகளையும் கந்தைகளையும் எடுத்துக்கொண்டான். அவற்றைக் கயிற்றில் கட்டி எரேமியாவிடம் இறக்கினான். கயிறு அறுக்காதபடி இவற்றை அக்குளில் வைத்துக்கொள்ளும் என்று மேலிருந்து சொன்னான். பிறகுதான் தூக்கினார்கள்.

எரேமியாவைத் துரவில் போட்டவர்களிடமும் கயிறு இருந்தது, அவனைத் தூக்கியெடுத்தவனிடமும் கயிறு இருந்தது. பழந்துணியோ எபெத்மெலேக்கிடம் மாத்திரமே இருந்தது. இந்த வித்தியாசத்திலிருந்து நான்கு காரியங்களைக் கற்றுக்கொள்ளலாம்.

1. அவன் முதலில் மனிதனைப் பார்த்தான், பிறகு துணியைத் தேடினான்

நாம் பெரும்பாலும் இதற்கு எதிர்மாறாகச் செய்கிறோம். முதலில் துணி நம் கண்ணில் படுகிறது. இது இனி நமக்கு வேண்டாம் என்று தீர்மானிக்கிறோம். பிறகு இதை யாருக்குக் கொடுக்கலாம் என்று ஆள் தேடுகிறோம். தெருவில் வரும் பாத்திரக்காரரிடம் போட்டு ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்க முடியுமா என்று பார்க்கிறோம். அவரும் வேண்டாமென்று தள்ளியது தர்மத்துக்கு வருகிறது.

இப்படித் துணியிலிருந்து தொடங்கும் தர்மம் எங்கே போய் முடியும் என்பதை நம் மாநிலமே ஒருமுறை கண்டது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி நம் கரையைத் தாக்கியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் அதிகமானோர் மாண்டார்கள். நாடெங்கிலுமிருந்து லாரி லாரியாகத் துணிகள் வந்தன. அந்த இரக்கம் மெய்யானது. ஆனால் வந்தவற்றில் கிழிந்தவையும், அந்த மக்கள் உடுத்தும் வழக்கமில்லாதவையும் ஏராளமாகக் கலந்திருந்தன. மீனவ மக்கள் கடலோடு போராடிச் சொந்த உழைப்பில் வாழ்ந்தவர்கள். பிறர் உடுத்திக் கழித்ததை வாங்க அவர்கள் கை நீளவில்லை. துணிகள் சாலையோரங்களில் குவியல் குவியலாகக் கிடந்தன. துயரத்தில் இருந்த மாவட்டத்துக்கு அவற்றை அப்புறப்படுத்தும் வேலையும் சேர்ந்துகொண்டது.

எபெத்மெலேக்கின் வழி வேறு. உளையில் ஒருவன் அமிழ்ந்துகொண்டிருக்கிறான், அவனுக்கு என்ன தேவை என்பதிலிருந்து அவன் தொடங்கினான். ஆகவே அவன் எடுத்ததில் ஒரு கந்தைகூட வீணாகவில்லை.

2. அவன் எரேமியாவின் அக்குளை நினைத்தான்

பட்டினியில் மெலிந்த உடம்பு. உளையின் பிடியிலிருந்து இழுக்க வேண்டும். வெறும் கயிற்றைப் போட்டு இழுத்தால் தோல் கிழியும். இதையெல்லாம் அவன் முன்கூட்டியே யோசித்தான். மனிதன் சாகக்கிடக்கும் அவசரத்திலும் அதற்காக ஒரு நடை நடந்தான்.

இங்கே பழையது கூடாது என்பவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. அந்த வேலைக்குப் புதிய துணியைவிடப் பழந்துணியே ஏற்றது. நம் பாட்டிமார் இதை அறிந்திருந்தார்கள். பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி உறுத்தும் என்று, பலமுறை துவைத்து மென்மையான பழைய வேட்டியைக் கிழித்துத்தான் சுற்றுவார்கள். தூளி கட்டுவதும் பழைய நூல் சேலையில்தான். பழையது என்பதாலேயே ஒரு பொருள் அவமானமாகிவிடாது. யோசிக்காமல் கொடுப்பதுதான் அவமானம்.

அக்குளை நினைப்பது என்றால் ஆஸ்பத்திரியில் என்ன பொருள் என்று சில உதாரணங்களால் சொல்லுகிறோம்.

காலில் மாவுக்கட்டு போட்டவருக்கும், எலும்பு முறிவுக்காக வெளியே கம்பி பொருத்தப்பட்டவருக்கும் பேண்ட் ஏறாது. அவருக்குக் கைலி வேண்டும். கையில் கட்டு உள்ளவருக்குத் தலைவழியே மாட்டும் பனியன் உதவாது, முன்னால் பொத்தான் திறக்கும் சட்டை வேண்டும். பால்கொடுக்கும் தாய்க்கு முன்பக்கம் திறக்கும் நைட்டி வேண்டும். பிரசவ அறையில் பிறந்த குழந்தையை உடனே துடைத்து உலர்த்த ஒரு துணியும், ஈரமான அதை மாற்றிவிட்டுச் சுற்ற வேறொரு உலர்ந்த துணியும் தேவை. இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த எடையில் பிறக்கும் குழந்தைகள் வெகு சீக்கிரம் குளிர்ந்துபோகும் ஆபத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஜரிகையோ பாசிமணியோ பித்தானோ இல்லாத மென்மையான பருத்தித்துணி வேண்டும். சமையலறையில் அடுப்பருகே நிற்கும் பெண்களுக்குப் பருத்திச் சேலை பாதுகாப்பு. நைலான் போன்ற செயற்கை இழைகள் தீப்பிடித்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

செருப்பைக்குறித்துத் தனியாகச் சொல்ல வேண்டும். தொழுநோயாலோ நீரிழிவாலோ பாதத்தில் உணர்வு இழந்தவர்கள் நம்மிடம் வருகிறார்கள். பழைய செருப்பு முதலில் அணிந்தவரின் பாதத்துக்கேற்பத் தேய்ந்திருக்கும். அதில் ஓர் ஆணி நீட்டிக்கொண்டிருந்தாலும் இவர்களுக்குத் தெரியாது. புண்ணாகிச் சீழ்வைத்த பிறகே தெரியும். 1946-ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் சிதைவதற்கு உணர்விழப்பினால் வரும் காயங்களே பெருங்காரணம் என்று எடுத்துக்காட்டினார். அதனால்தான் இவர்களுக்கு மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பரில் பாதத்துக்கு அளவெடுத்துச் செருப்பு செய்யப்படுகிறது. அன்போடு கொடுத்த பழைய ஷூ ஒருவருடைய காலையே இழக்கச் செய்யக்கூடும். அதுபோலவே கையில் உணர்வில்லாதவருக்குச் சூடான சில்வர் டம்ளர் ஆபத்து. சூடு ஏறாத கைப்பிடி உள்ள கப் அவருக்குப் பெரிய உதவி.

3. அவன் துணியை வீசியெறியவில்லை

எபெத்மெலேக் அந்தக் கந்தைகளை மேலிருந்து துரவுக்குள் போட்டிருக்கலாம். அவை உளையில் விழுந்து நனைந்திருக்கும். அவனோ கயிற்றில் கட்டி, எரேமியாவின் கைக்கு எட்டும்படி இறக்கினான். அதை எப்படி உபயோகிக்க வேண்டும் என்றும் சொன்னான். கந்தையைக் கொடுக்கும்போதும் வாங்குகிறவனுடைய மதிப்பை அவன் குறைக்கவில்லை.

ஏழையின் மானத்தைக்குறித்து நியாயப்பிரமாணத்திலேயே தேவன் அக்கறை காட்டியிருக்கிறார். உபாகமம் 24-ஆம் அதிகாரத்தில், கடன் கொடுத்தவன் அடகு வாங்க ஏழையின் வீட்டுக்குள் நுழையக்கூடாது என்றும், வெளியே நிற்க வேண்டும் என்றும் காண்கிறோம். அந்த ஏழை போர்த்திப் படுக்கும் வஸ்திரமே அடகானால், சூரியன் மறையுமுன் அதைத் திரும்பக் கொடுக்க வேண்டும். வாங்கியவன் வீட்டு வாசற்படிக்குக்கூட ஒரு மரியாதை உண்டு என்பதே இதன் கருத்து.

இந்தப் பாடத்தை ஊழியத்தில் கற்றுக்கொண்டவர்களில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற மெதடிஸ்ட் போதகரும் ஒருவர். 1902-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில், வேலையில்லாமல் தவித்த குடியேறிகளின் நடுவே அவர் ஊழியம் செய்தார். சாக்குப்பையை எடுத்துக்கொண்டு வசதியானவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பழைய துணிகளையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் சேகரித்தார். அவற்றை அப்படியே ஏழைகளிடம் கொட்டிவிடவில்லை. ஏழைகளையே வேலைக்கு அமர்த்திக் கூலி கொடுத்து, தைத்தும் பழுதுபார்த்தும், குறைந்த விலைக்கு விற்கச் செய்தார். வாங்கியவர்களும் காசு கொடுத்து வாங்கினோம் என்று தலைநிமிர்ந்து போனார்கள். குட்வில் இண்டஸ்ட்ரீஸ் என்ற பெரிய ஸ்தாபனம் இதிலிருந்து வளர்ந்தது.

நம் நாட்டிலும் 1999-ல் அன்ஷு குப்தா டெல்லியில் தொடங்கிய கூஞ்ச் என்ற அமைப்பு இதே வழியில் நடக்கிறது. கிராமத்தார் தங்கள் கிணற்றைத் தூர்வாரியோ பாதையைச் செப்பனிட்டோ வேலை செய்கிறார்கள். துணி அவர்கள் உழைப்புக்குரிய மதிப்பாக அவர்களுக்குக் கொடுக்கப்படுகிறது. உடுத்த உதவாத பருத்தித்துணியைச் சுத்தம்செய்து பெண்களின் மாதவிலக்கு நாட்களுக்கான துணியாகத் தயாரிக்கிறார்கள். சுனாமிக்குப் பின் நம் மாநிலத்தில் தேங்கிய துணிகளையும் அவர்கள் எடுத்துத் தரம்பிரித்துப் பயன்படுத்தினார்கள். அன்ஷு குப்தாவுக்கு 2015-ல் மகசேசே விருது கிடைத்தது.

நம் ஆஸ்பத்திரியிலும் உங்கள் துணிகளைக் குவியலாகப் போடுவதில்லை. மடித்து அலமாரியில் அடுக்கி, நோயாளியோ உடன் இருப்பவரோ தாமே பார்த்துத் தெரிந்தெடுக்கும்படி விடுகிறோம். எனக்கு இந்த நிறம் வேண்டாம் என்று சொல்ல அவருக்கும் உரிமை உண்டு. வியாதி ஒருவரிடமிருந்து எத்தனையோ காரியங்களைத் தெரிந்தெடுக்கும் உரிமையைப் பறித்துவிடுகிறது. ஒரு சேலையின் நிறத்தையாவது அவர் தெரிந்தெடுக்கட்டும்.

4. அவன் கயிற்றின் மறுமுனையை விடவில்லை

துணியை இறக்கியதோடு அவன் வேலை முடியவில்லை. எரேமியா மேலே வரும்வரை அங்கேயே நின்றான். கொடுத்ததோடு முடிந்தது என்று நினைக்காமல், வாங்கினவர் என்ன ஆனார் என்று பார்க்கிறவர்களே ஆஸ்பத்திரிக்குத் தேவை.

அப்போஸ்தலர் 9-ஆம் அதிகாரத்தில் யோப்பா பட்டணத்துத் தபீத்தாளைக் காண்கிறோம். அவள் மரித்தபோது விதவைகள் அழுதுகொண்டு, அவள் தங்களுக்குச் செய்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் பேதுருவுக்குக் காட்டினார்கள். அவர்களோடு அவள் இருந்தாள், அவர்களை அறிந்திருந்தாள். 1 சாமுவேல் 2-ஆம் அதிகாரத்தில் அன்னாள் வருஷந்தோறும் தன் மகனுக்கு ஒரு சிறிய சட்டையைத் தைத்துக்கொண்டு போனாள். பிள்ளை வளர வளர அளவும் மாறியிருக்க வேண்டும். போன வருஷத்து அளவில் இந்த வருஷம் தைத்தால் உதவாது. அன்பு அளவை விசாரிக்கிறது.

மல்கியா வைத்த சோதனை

குருடும் முடமுமான மிருகங்களைக் கர்த்தருடைய பலிபீடத்துக்குக் கொண்டுவந்தவர்களிடம் மல்கியா தீர்க்கதரிசி ஒரு சோதனையை வைத்தான் (1-ஆம் அதிகாரம்). இதை உன் அதிபதியிடம் கொண்டுபோய்க் கொடுத்துப் பார், அவன் பிரியப்படுவானா என்று கேட்டான். நம் மூட்டையைக் கட்டுவதற்கு முன் இதே சோதனையை ஒவ்வொரு பொருளுக்கும் வைத்துப் பார்ப்போம். நம் வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் மழையில் நனைந்துவிட்டால் இந்தத் துணியை அவருக்கு மாற்றிக்கொள்ளக் கொடுப்போமா? இந்தத் தட்டில் அவருக்குச் சாப்பாடு போடுவோமா? கொடுப்போம் என்றால் அது எவ்வளவு பழையதானாலும் நல்ல காணிக்கை. கொடுக்கமாட்டோம் என்றால் அது ஆஸ்பத்திரிக்கும் வேண்டாம். நாங்கள் விருந்தாளியாக உபசரிக்கிற நோயாளி யார் என்பதை மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் ஆண்டவரே சொல்லியிருக்கிறாரே.

அனுப்புவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

முதலாவது, என்ன தேவை என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். தூரத்திலிருந்து லாரி வாடகை கொடுத்து அனுப்பும் மூட்டையைவிட, அந்த வாடகைப் பணத்தில் இங்கேயே வாங்கக்கூடிய போர்வைகள் அதிகமாயிருக்கலாம்.

இரண்டாவது, துணிகளை வெந்நீரில் துவைத்து, நல்ல வெயிலில் காயவைத்து அனுப்புங்கள். சிரங்கை உண்டாக்கும் பூச்சி மனிதத் தோலை விட்டுப் பிரிந்தால் இரண்டு மூன்று நாட்களுக்குமேல் பெரும்பாலும் உயிர்வாழாது. சீலைப்பேனோ துணியின் தையல் மடிப்பிலேயே குடியிருக்கும். வெந்நீர் இரண்டையும் அழிக்கும். ஈரத்தோடு கட்டிய ஒரே துணியால் மூட்டை முழுவதும் பூஞ்சணம் பிடித்துவிடும்.

மூன்றாவது, சட்டையில் பொத்தான் இல்லாவிட்டால் தைத்துவிடுங்கள். சேலையோடு உள்பாவாடையையும் ரவிக்கையையும் சேர்த்து மடித்து வையுங்கள். ஆண், பெண், பிள்ளைகள் என்று தனித்தனியாகக் கட்டி, பிள்ளைகளின் துணியில் வயதைக் குறித்து வையுங்கள். உள்ளாடைகளை மாத்திரம் புதிதாகவே வாங்கிக் கொடுங்கள்.

நான்காவது, வீட்டுச் சாமான்களில் நோயாளியோடு தங்குகிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். சொந்த ஊரிலிருந்து உடுத்திய துணியோடு ஓடிவந்தவர்கள் வராந்தாவில் படுக்கிறார்கள். பாய், போர்வை, மூடியுள்ள வாளி, தட்டு, டம்ளர், தூக்குவாளி, கஞ்சி வாங்க பிளாஸ்க் ஆகியவை அவர்களுக்குப் பெரிய உதவி. ஒழுகும் பாத்திரம், வாசர் போன குக்கர், வயர் தேய்ந்த மின்சாமான் ஆகியவை வேண்டாம்.

ஐந்தாவது, வீட்டில் மீந்த மருந்துகளை மூட்டையில் வைக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 1996-ல் வெளியிட்ட மருந்து நன்கொடை நெறிமுறைகள், நோயாளிக்குக் கொடுத்துத் திரும்பி வந்த மருந்துகளை நன்கொடையாகக் கொடுக்கக்கூடாது என்று சொல்லுகின்றன. பழைய துணியைக் கிழித்துப் பேண்டேஜாகச் சுருட்டியும் அனுப்ப வேண்டாம். சென்ற நூற்றாண்டில் மேல்நாட்டுச் சபைகளின் பெண்கள் படுக்கை விரிப்புகளைக் கிழித்துச் சுருட்டி மிஷன் ஆஸ்பத்திரிகளுக்கு அன்போடு அனுப்பிவந்தார்கள். இன்றைக்கு புண்ணின்மேல் நீராவியில் கிருமிநீக்கம் செய்த காஸ் துணியையே வைக்கிறோம்.

கடைசியாக ஒன்று

எபெத்மெலேக் கொடுத்தது அரண்மனையில் யாருக்கும் வேண்டாத கந்தை. அவன் அதற்காக ஒரு காசும் செலவழிக்கவில்லை. ஆனால் பிரபுக்களின் பகைக்குப் பயப்படாமல் ராஜாவிடம் பேசினான். யோசித்தான், நடந்தான், சொல்லிக்கொடுத்தான், இழுத்தான். கந்தையோடுகூடத் தன்னையும் கொடுத்தான் என்றே சொல்லலாம். எருசலேம் விழுந்த நாளில் கர்த்தர் அவனை மறக்கவில்லை என்பதை 39-ஆம் அதிகாரத்தின் முடிவில் வாசிக்கிறோம். எருசலேமின் பிரபுக்கள் அநேகர் அழிந்த நேரத்தில், இந்த அந்நியனுக்கு உயிர் வாக்களிக்கப்பட்டது.

பிரியமானவர்களே, வேண்டாததைக் கொடுப்பது தர்மமாகுமா என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். அது நமக்கு வேண்டாததாயிருப்பது குற்றமில்லை. வாங்குகிறவருக்கு அது வேண்டியதாயிருக்க வேண்டும். அது என்ன என்று அறிய நாம் அவரை நினைக்க வேண்டும். இந்த ஆண்டு உங்கள் பீரோவைத் திறக்கும்போது, துணியைத் தொடுமுன் இங்கே படுக்கையில் இருக்கும் ஒருவரை மனதில் கொண்டுவந்து, அவருக்காக ஒரு நிமிஷம் ஜெபியுங்கள். பிறகு எது கைக்கு வருகிறதோ அதை மடித்து வையுங்கள்.

குடும்பத்திலும் சபையிலும் சிந்திக்க

1. எபெத்மெலேக் பழந்துணியை எடுக்காமல் வெறும் கயிற்றோடு போயிருந்தாலும் எரேமியா பிழைத்திருக்கலாம். அப்படியானால் அந்தத் துணியால் என்ன பிரயோஜனம்?

2. நாம் கடைசியாகக் கொடுத்த துணியையோ பாத்திரத்தையோ வாங்கியவர் யார் என்று நமக்குத் தெரியுமா?

3. நம் பெண்கள் ஐக்கியத்தில் தையல் தெரிந்தவர்கள் மாதம் ஒருமுறை கூடி, பழைய பருத்திச் சேலைகளை குழந்தைத் துணிகளாகத் தைத்துக் கொடுக்க முடியுமா?

4. நமக்கு ஒருவர் ஒரு பொருளைக் கொடுத்தபோது நாம் வெட்கப்பட்டதுண்டா? எப்படிக் கொடுத்திருந்தால் வெட்கப்பட்டிருக்கமாட்டோம்?

உங்கள் கைகளின் ஈவைக் கர்த்தர் ஏற்றுக்கொண்டு, உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக. உங்களுக்காக ஆஸ்பத்திரி சிற்றாலயத்தில் நாள்தோறும் ஜெபிக்கிறோம்.